குழலி நகர்த்திய புளியங்கொட்டைகள்

சுடர்மதி அம்மாவின் தியானக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவர் முன்னாலும் இரண்டு கிண்ணங்கள். ஒன்றில் இருபது புளியங்கொட்டை, மற்றது காலி. மனம் எங்கோ போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு கொட்டையைக் காலிக் கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும். முடிவில் அம்மா எண்ணிக்கை கேட்பார்.

வேலப்பன் அங்கே பதினோரு வருடச் சீடர். அம்மாவைவிட வயதில் மூத்தவர். அன்று ஏழு வயது மகள் குழலியையும் கூட்டி வந்திருந்தார்.

“ஒரு வரி எழுதறதுக்குள்ள பென்சில் ஒரு பக்கம், இவ ஒரு பக்கம். ஏ.டி.ஹெச்.டி.ங்கறார் டாக்டர். மாத்திரை எழுதிக் குடுத்து பத்து நாளாச்சு. இன்னும் பிரிக்கலை.”

“ஏன்?”

“பதினோரு வருஷமா தியானம் பண்றவன் பொண்ணுக்கு, கவனத்துக்கு மாத்திரையா? இங்க உட்காரப் பழகினா சரியாயிடாதா? குடுக்கவா, வேண்டாமா, நீங்களே சொல்லுங்கம்மா.”

“முதல்ல உட்காருவோம்” என்றார் அம்மா.

மணி அடித்தது. அரை மணி நேரம் கொட்டைகள் விழும் சத்தம் ஓயவில்லை. நடுநடுவே சின்னக் காலடிகள். யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

மறுபடி மணி அடித்து எல்லோரும் கண் திறந்தபோது குழலியின் முன்னால் ஒரு குவியல் இருந்தது.

“எத்தனை குழலி?”

“தெரியலை அத்தை. என்னோடது உடனே தீர்ந்துபோச்சு. அப்புறம் திரும்பி வர்றப்பல்லாம் மத்தவங்ககிட்ட ஒண்ணு ஒண்ணா எடுத்துக்கிட்டேன். இந்த மாமா ஒண்ணுகூட நகர்த்தலை. தூங்கிட்டிருந்தார்.”

கூடம் சிரித்தது. அந்த மாமாவும் சிரித்தார்.

“வேலப்பன், உங்களுக்கு?”

“நாலு.”

“அஞ்சு. நான் எடுக்கும்போது அப்பா கண்ணைத் திறந்து பார்த்தார்.”

“சரி, அஞ்சு” என்றார் வேலப்பன்.

அம்மா குவியலை எண்ணி முடித்தார். “நூத்தி ஏழு. நூத்தி ஏழு தடவை திரும்பி வந்திருக்கா. இந்தக் கூடத்துல இவ்வளவு உழைச்ச ஆளை நான் பார்த்ததில்லை.”

வேலப்பன் முகம் மலர்ந்தது. “அப்ப மாத்திரை வேண்டாம்.”

அம்மா குழலியிடம் திரும்பினார். “பள்ளிக்கூடத்துலயும் இப்படிப் போய்ட்டுப் போய்ட்டு வருவியா?”

“ஆமா. ஆனா நான் வர்றதுக்குள்ள மிஸ் அடுத்த பக்கத்துக்குப் போயிடறாங்க. ஓடி ஓடித்தான் பிடிக்கணும்.” சொல்லிவிட்டு அவள் கொட்டைகளை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தூங்கின மாமாவும் அவளோடு பல்லாங்குழி ஆட எழுந்து போனார்.

வேலப்பன் குரலைத் தாழ்த்தினார். “இந்தச் சிரிப்பு போயிடுமோன்னு பயமா இருக்கும்மா.”

“டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். குறைஞ்ச அளவுல ஒரு மாசம் பார்க்கலாம், சிரிப்பு குறைஞ்சா உடனே வாங்க, மாத்தலாம், நிறுத்தவும் செய்யலாம்னார். ஆனா அவதான் தானாவே திரும்பி வந்துடறாளே. அப்புறம் மாத்திரை எதுக்கு?”

வாசலில் குழலி ஏதோ ஜெயித்த சத்தம் கேட்டது.

“நடக்கறவங்களுக்குத்தானே வேலப்பன் தண்ணீர்ப் பந்தல் போடுவாங்க? வீட்டுல படுத்திருக்கறவங்களுக்கா போடுவாங்க?”