கிளையை ஒடித்ததும் அழுத நொச்சி

கடலுக்கும் மலைக்கும் வயது குறைவாயிருந்த காலம் அது. மணிக்கோட்டம் என்ற தலைநகரத்தில் இலஞ்சி என்றொரு பூக்காரி இருந்தாள். அவள் வீட்டுக் கொல்லையில் ஒரு நொச்சி, ஒரு வேம்பு, ஒரு ஆடாதோடை. மூன்றும் போன மழைக்காலத்தில் ஒரே நாளில் முளைத்து, அன்றைக்கே ஆள் உயரம் வளர்ந்தவை.

ஒருநாள் அவள் மகன் தேனனுக்குக் காய்ச்சலோடு சளி கட்டி மூச்சு இழுத்தது. ஆவி பிடிக்க நொச்சிக் கிளையை ஒடித்தாள்.

"ஐயோ, என் விரல்!"

ஒடித்த இடத்தில் ரத்தம்! இலஞ்சி கிளையைக் கீழே போட்டுவிட்டாள். உள்ளே பிள்ளை இருமினான். காய்ச்சலுக்குக் கஷாயம் வைக்க வேப்பம்பட்டையில் கத்தியை வைத்தாள்.

"ஐயோ, என் தோல்!"

கத்தி நழுவி விழுந்தது. அப்போது ஆடாதோடை தானாகவே அவள் பக்கம் வளைந்தது.

"கிள்ளிக்கொள் அக்கா. வலித்தால் பொறுத்துக்கொள்கிறேன். பிள்ளையைக் காப்பாற்று."

"யாரம்மா நீங்கள்?"

"வைத்தியம் பார்த்த அக்கா தங்கைகள். அரண்மனை வைத்தியன் கருங்காடன் உண்மையில் மந்திரவாதி. மருந்துக்கு ஊரே தன் வாசலில் மட்டும் வந்து நிற்க வேண்டும் அவனுக்கு. எங்களைத் துரத்திவந்து உன் கொல்லையில் மரமாக்கிவிட்டான்."

நேற்றுத்தான் அவன் காலில் விழுந்து மருந்து கேட்டிருந்தாள் இலஞ்சி! அழுதுகொண்டே இலை கிள்ளினாள், அழுதுகொண்டே கொதிக்கவைத்தாள். பாதி குடித்ததும் பிள்ளைக்கு மூச்சு சீரானது.

மரங்கள் பேசியது மந்திரவாதி காதுக்கு எட்டாமல் இருக்குமா? கோடாலியோடு வந்துவிட்டான். இலஞ்சி பாய்ந்து ஆடாதோடையைக் கட்டிக்கொண்டாள்.

"முதலில் என்னை வெட்டு!"

அவளையும் மரமாக்க அவன் மந்திரம் சொல்ல வாயைத் திறந்தான். பிள்ளைக்கு வந்த அதே இருமல் அவனுக்கும் வந்தது. இருமினான், இருமினான், இருமிக்கொண்டே மண்ணில் உருண்டான். முகம் நீலம் பாரித்தது.

"மீதிக் கஷாயத்தை அவனுக்குக் கொடு அக்கா," என்றது ஆடாதோடை.

இலஞ்சிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "இவனுக்கா? உங்களை மரமாக்கினவனுக்கா?"

"மூச்சு முட்டுகிறதே அவனுக்கு."

கிண்ணத்தை எடுத்துவந்து அவன் வாயில் ஊற்றினாள். கருங்காடன் எழுந்து உட்கார்ந்தான். கிண்ணத்தைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான்.

"சாக விட்டிருக்கலாமே," என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மந்திரத்தைத் தலைகீழாகச் சொன்னான்.

பட்டைகள் பிளந்தன. மூன்று பெண்கள் வெளியே வந்தார்கள். அந்த நொடியே அவனுக்கு மந்திரமெல்லாம் மறந்துபோயிற்று. ஊரைவிட்டே போய்விட்டான்.

ராஜா அக்கா தங்கைகளை அரண்மனையில் வைத்தியம் பார்க்க அழைத்தார். அவர்கள் போகவில்லை. இலஞ்சியோடு சேர்ந்து வீட்டுக்கு வீடு மூலிகைக் கன்று நட்டார்கள். இன்றைக்கும் அந்த ஊரார் இலை பறிக்குமுன் மரத்தைத் தொட்டு, "எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்பார்களாம். பதில் வராவிட்டால்தான் கிள்ளுவார்களாம்!