ரெண்டு நாள் சிவப்பு

ஒரு ஊர்ல ஒரு காலண்டர் அண்ணாச்சி இருந்தாரு. பேரு பரமகுரு. ம் சொல்லு, இல்லேன்னா இங்கேயே நிறுத்திருவேன்.

ம்.

ஆடிப் பெருக்கு வந்தாலே அடுத்த வருஷக் காலண்டரை அடிச்சு வெளிய விட்ருவாரு. மிஷின் கடகட கடகடன்னு ஓடும். வேலை நாளுக்குக் கறுப்பு மை, லீவு நாளுக்குச் சிவப்பு மை. அந்த ஊர்ல யாரும் வானத்தைப் பார்க்க மாட்டாங்க, காலண்டரைத்தான் பார்ப்பாங்க.

அங்க தாள் அடுக்குறது மெகராஜம்மா. அதுக்கு ஒரே மகன், காதர். வெளியூர்ல லாரி ஓட்டுறான். அவன் முதலாளி, தேதி சிவப்பா இருந்தா லீவு கொடுப்பாரு, கறுப்பா இருந்தா வண்டிச் சாவியைக் கொடுப்பாரு. அப்படி ஒரு பிறவி.

போன நோன்புப் பெருநாளுக்குக் காலண்டர்ல செவ்வாய்க்கிழமை சிவப்பு. காதர் வந்தான். ஆனா முந்தின நாள் பிறை தெரியல, பெருநாள் புதன்கிழமைக்குப் போயிருச்சு. அவன் செவ்வாய் சாயங்காலமே கிளம்பிட்டான். மறுநாள் அந்தம்மா பிரியாணிச் சட்டி முன்னால தனியா உக்காந்து அழுதுச்சு.

"அண்ணாச்சி, அடுத்த தடவையாச்சும் சரியாப் போடுங்க"ன்னுச்சு.

அண்ணாச்சிக்கு மனசு கேக்கல. மொட்டைமாடிக்குத் தடதடன்னு ஏறி சூரியன்கிட்ட கேட்டாரு, "பெருநாள் என்னைக்கு?"

"என்கிட்ட பொங்கலைக் கேளு. நான் மகர வீட்டுக்குள்ள கால் வச்சா பொங்கல். மத்தது தெரியாது."

அப்புறம் பொழுது சாஞ்சதும் சந்திரன்கிட்ட கேட்டாரு.

"நான் கண்ணுல பட்டா மறுநாள் பெருநாள்."

"எப்போ படுவீங்க?"

"மேகம் இல்லேன்னா."

"வருஷா வருஷம் பத்து, பதினோரு நாள் முந்திர்றீங்களே?"

"தீபாவளிக்கு ஐப்பசி என்னைப் பிடிச்சு நிறுத்துது. பெருநாளுக்குப் பிடிக்க ஆள் இல்ல, ஓடுறேன்."

அப்புறம் சர்க்கார் ஆபீசுக்குப் போனாரு. ஆபீசர் சொன்னாரு, "ஆகஸ்ட் பதினஞ்சுன்னா பதினஞ்சுதான். ஞாயித்துக்கிழமை வந்தாலும் மாத்த மாட்டோம். பெருநாளா? அது பிறையைப் பொறுத்தது."

தூங்கிட்டியா?

ம்.

தூங்குறவ ம் சொல்ல மாட்டா. சரி. அண்ணாச்சி நேரா மிஷினுக்கு வந்தாரு. அடுத்த பெருநாள் விழக்கூடிய வியாழன், வெள்ளி ரெண்டுக்கும் சிவப்பு மையைச் சளக்குன்னு ஊத்திட்டாரு. கடகட கடகட.

மறு வருஷம், அந்த வியாழனுக்கு முந்தின புதன்கிழமை வானத்துல பொட்டு மேகம் இல்ல. பளிச்னு பிறை தெரிஞ்சுது. வியாழக்கிழமை பெருநாள். காதர், அம்மா பக்கத்துல உக்காந்து மூணு தட்டு பிரியாணி சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமையும் ஊரே லீவு. பள்ளிக்கூடம் பூட்டு. ரேஷன் கடை பூட்டு. சர்க்கார் ஆபீசும் பூட்டு. சாவி வச்சிருந்தவரும் காலண்டர் பார்க்கிறவரு.

ஆபீசர் விறுவிறுன்னு அண்ணாச்சி வீட்டுக்கு வந்தாரு. "நேத்தே பெருநாள் முடிஞ்சுது. இன்னைக்கு என்ன விசேஷம்?"

"மெகராஜம்மா மகன் வீட்ல இருக்கான் சார்."

"இது சூரியக் கணக்கா, சந்திரக் கணக்கா?"

அண்ணாச்சி எதிர் வீட்டைக் காட்டினாரு. அங்க காதர், அம்மா மடியில தலை வச்சுக் கொர்ர் கொர்ர்னு தூங்கிட்டு இருந்தான். அந்தம்மா ஈ விரட்டிட்டு இருந்துச்சு.

ஆபீசர் எட்டிப் பார்த்தாரு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அடுத்த வருஷம் மூணு நாளாப் போடுங்க"ன்னாரு. "எங்கம்மா ஊரு தூரம்."

அவ்வளவுதான். இன்னைக்குத் தாளைக் கிழிச்சாச்சு, கதையும் அதோட போச்சு. கண்ணை மூடு.