ஐந்தாம் அநியாயம்

முதல் அநியாயம், மனிதன் தெற்குக் காட்டுக்குத் தீ வைத்தது. இரண்டாம் அநியாயம், ஆற்றங்கரைக் காட்டை வெட்டிக் கோட்டை கட்டியது. மூன்றாம் அநியாயம், போகிற போக்கில் வேலியை உடைத்து ஓநாய்க்கு வழி விட்டது. நான்காம் அநியாயம், அந்த மனிதனின் தோளில் கிளி ஏறிச் சவாரி போனது.

செம்பன் என்ற வெள்ளாட்டுக் கிடா இந்த நான்கையும் தினமும் காலையில் உரக்கச் சொல்லும். வரிசை ஒருநாளும் மாறாது. "கிளியை ரெண்டாவதா வைக்கலாமே, அண்ணே?" என்று பன்றி ஒருமுறை கேட்டுவிட்டது. அதற்காக மூன்று நாள் கிடா அதனோடு பேசவில்லை.

அது கட்டை உலகம். பிள்ளைகள் கட்டைகளை அடுக்கி விளையாடும் வீடியோ கேமுக்குள் இருக்கிற உலகம். அங்கே மண்ணும் சதுரம், மேகமும் சதுரம், சூரியனும் சதுரம். கொம்பால் இடித்தால் மரம் கட்டை கட்டையாகக் கழன்று வரும். விளையாடிய மனிதன் சலித்துப்போய் வேறு உலகத்துக்குக் கிளம்பிவிட்டான். விலங்குகள் மிஞ்சின.

அவை ஒன்று சேர்ந்து வேலியைத் திரும்பக் கட்டத் தொடங்கின. அதற்கு மரம் வேண்டுமே! மனிதன் மிதித்துப் போட்டிருந்த ஒன்பது மரக்கன்றுகளைப் பொறுக்கி வந்து, கிடா ஒரு தோப்பு போட்டது.

"ஒன்றை வெட்டினால் ஒன்றை நடுவோம்! ஆனால் மனிதனைப் போல அடியோடு அழிக்க மாட்டோம். மரத்தின் தலையை விட்டுவைப்போம்! இதுதான் நம் கொள்கை, தோழர்களே!"

கோழி சிறகடித்தது. பன்றி மண்ணில் புரண்டது. கிளியை மட்டும் தோப்புக்குள் விடவில்லை.

ஒன்பதும் வளர்ந்தன. கிடா எட்டை வெட்டியது. எட்டு மரங்களின் தலைகளும் அடிமரம் இல்லாமல் ஆகாயத்தில் பச்சைப்பசேலென்று தொங்கின. வேலியில் வடக்குப் பக்கம் மட்டும்தான் பாக்கி. ஆனால் நடுவதற்கு ஒரு கன்றுகூட விழவில்லை!

கிடாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மனிதன் வெட்டியபோது இலைகள் கரைந்து, கன்றுகள் பொலபொலவென்று கொட்டின. அந்த அயோக்கியனுக்குக் கொட்டியது, நியாயவானுக்கு ஏன் கொட்டவில்லை? தோப்பை மூன்று சுற்று சுற்றியது. மண்ணை மோந்தது. தொங்குகிற தலைகளை அண்ணாந்து பார்த்துச் செருமியது. கொள்கை சரி, உழைப்பு சரி. பிறகு எங்கே கோளாறு?

"ஓநாய் நேத்து வடக்குப் பக்கம் வந்து எட்டிப் பாத்துச்சு, அண்ணே!" என்றது கோழி. அதன் காலடியில் மூன்று குஞ்சுகள். "இன்னும் நாலு மரம் வேணும். நிக்கிறது ஒண்ணு! என்ன செய்யப் போறீங்க?"

கிடா யோசித்தது. யோசிக்க யோசிக்கக் குழப்பம் கூடியது. குழம்பிய நெஞ்சுக்கு ஒரு திருடன் கிடைத்தால் போதும், தெளிந்துவிட்ட மாதிரி இருக்கும். "கன்றுகள் விழுந்திருக்கின்றன. யாரோ திருடியிருக்கிறார்கள்!" என்று முடிவு கட்டியது.

உடனே ஒரு பலகையில் எழுதியது: 'ஐந்தாம் அநியாயம், கன்றுகளைத் திருடியது. செய்தவர் பெயர்...' பெயருக்கு மட்டும் இடம் விட்டது. சாட்சிகள் முன்னால் உரக்க வாசிக்காத பெயரை எழுதக் கூடாது என்பது அது போட்ட விதிதான்.

மறுநாள் காலை கூட்டம் கூடியது. கிடா பன்றியைப் பார்த்து முறைத்தது.

"மரத்தடியில் எப்போது பார்த்தாலும் மூக்கை நுழைப்பது யார்?"

"நான்தான், அண்ணே!"

"என்ன கிடைத்தது?"

"ஒண்ணுமே கிடைக்கல. அதனாலதான் தினமும் தேடுறேன்!"

கோழி கொக்கரித்துச் சிரித்தது. பன்றி அப்பாவியாக மேலே பார்த்தது. "எனக்கு ஒரு சந்தேகம், அண்ணே. காலே இல்லாம இந்தத் தலைங்க எப்படி நிக்குது?"

"பேச்சை மாற்றாதே!"

"நல்ல கேள்விதானே!" என்று வேலிக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. கிளி!

"துரோகி! தோப்புக்குள்ளே வராதே!"

"உள்ளே எங்கே வர்றேன்? மேலே போறேன்!" கிளி பறந்து ஒரு தலைக்குள் நுழைந்தது. "இங்கே இன்னும் ரெண்டு கட்டை மிச்சம் இருக்கு. கட்டை இருக்கிற வரைக்கும் இலை கரையாது. இலை கரையாம கன்று விழாது. அந்த மனுஷன் உச்சிவரைக்கும் ஏறி வெட்டுவான். தோளில் உட்கார்ந்து பாத்தேனே!"

"எதிரியிடம் கற்ற பாடம் நமக்குத் தேவையில்லை!"

"பாடம் யாருதா இருந்தா என்ன?" என்று கோழி சீறியது. "குஞ்சு என்னுது! கிளியக்கா, கொத்து!"

கிளி கொத்தியது. இரண்டு கட்டைகளும் தொப்தொப்பென்று விழுந்தன. இலைகள் ஒவ்வொரு சதுரமாகக் கரைந்தன. ஒரு கன்று புல்லில் விழுந்தது. இன்னொன்று கிடாவின் இரண்டு கொம்புகளுக்கு நடுவே விழுந்தது!

"எட்டுத் தலை, பதினாறு கட்டை. வடக்கு வேலிக்கு அதுவே போதுமே!" என்று பன்றி துள்ளியது. பிறகு தயங்கிக் கேட்டது. "தலையை விட்டுவைக்கணும்னு ஏன் சொன்னீங்க, அண்ணே?"

கிடாவுக்கு முதல் மரத்தை வெட்டிப் பார்த்த நாள் நினைவுக்கு வந்தது. கொம்பு நான்கு கட்டை உயரத்துக்குமேல் எட்டவில்லை. கிளியிடம் உதவி கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. அன்று மாலைதான் அந்தக் கொள்கை பிறந்தது.

"விடுங்க, அண்ணே. பலகையை அழிச்சிடலாம்" என்றது பன்றி.

அந்தச் சொல்தான் கிடாவைச் சுட்டது. இத்தனை காலம் பிறர் பெயர்களை எத்தனை முறை அது உரக்கச் சொல்லியிருக்கிறது! கொம்பில் கன்றோடு பலகையின் முன்னால் போய் நின்றது. "கோழி, பன்றி, கிளி! மூவரும் சாட்சி. கேளுங்கள்!"

கிளி முதல்முறையாக வேலிக்கு உள்ளே வந்து உட்கார்ந்தது.

"ஐந்தாம் அநியாயம், தனக்கு எட்டாததைக் கொள்கை என்று சொல்லித் தோப்பைத் தழைக்கவிடாமல் செய்தது. செய்தவர் பெயர்..." கிடா நான்கு திசையும் கேட்கும்படி வாசித்தது. "செம்பன்!"

பிறர் செய்த குற்றங்களை வரிசையாக எண்ணுகிறவர், அந்த வரிசையில் தம் பெயருக்கும் ஓர் இடம் விட்டுவைக்க வேண்டும்.