முப்பத்தொன்றில் திறந்த சுவர்

ஒரு பரிசோதனைக் கூடத்தில், பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றின் நடுச்சுவரில் குண்டூசித் தலையளவுக்கு ஒரு துளை இருந்தது. அந்தத் துளையை மூடிக்கொண்டு ஒரு கொழுப்புப் படலம் வாழ்ந்தது. அது வாழத் தொடங்கிப் பத்து நிமிடந்தான் ஆகியிருந்தது.

கோடிக்கணக்கான கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டே அடுக்காக, வாலோடு வால் சேர்த்து, தலையைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டி நின்றால் அதுதான் படலம். அதன் இருபுறமும் உப்புத் தண்ணீர். மின்னழுத்தம் அந்த உப்பைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது. உப்பில் ஒரு கூட்டம் நழுவி அக்கரை சேர்ந்தாலும் போதும், மின்னோட்டத்தைக் காகிதத்தில் கோடாகக் கிறுக்கும் வரைமுள் படிக்கட்டு போல ஒரு படி ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

கிண்ணத்துக்குச் சொந்தக்காரர் தாட்சாயணி என்ற ஆராய்ச்சியாளர். படலத்தில் கதவு போடுவது புரதத்தின் வேலை என்று அவர் படித்திருந்தார். புரதமே சேர்க்காத படலத்தில் படி தெரிந்தால்? கிண்ணத்தில் அழுக்கு என்று பொருள். தூரிகையால் ஒரே துடைப்பு, பிறகு புதுப் படலம்.

"காலையிலிருந்து மூன்று பேர் போய்விட்டார்கள் அக்கா, நீங்கள் நான்காவது" என்று செய்தி சொன்னது, துளையருகே உப்புத் தண்ணீரில் காத்திருந்த பொட்டாசியம்.

படலம் பயந்துபோனது. தனக்குள் வெளியாள் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று தலைகளை எண்ணியது. எல்லாரும் சொந்தக்காரர்கள்தான். கொஞ்சம் தைரியம் வந்தது.

சூடு நாற்பது டிகிரி. கோடு நேராக ஓடியது. தாட்சாயணி குமிழைத் திருகித் தண்ணீரை ஆறவிட்டார். முப்பத்தைந்து. முப்பத்து மூன்று. படலம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

முப்பத்தொன்றில் அதன் உடம்பில் எங்கோ ஒரு நெகிழ்வு. பொட்டாசியம் கூட்டத்தோடு உள்ளே பாய்ந்து அக்கரையில் விழுந்தது. வரைமுள் ஒரு படி ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

படலம் வரைமுள்ளிடம் கெஞ்சியது. இந்த ஒரு தடவை பார்க்காதது போல் இருக்கக் கூடாதா என்றது.

"நடந்ததைக் கிறுக்குவதுதான் என் பிழைப்பு. நடக்காததைக் கிறுக்கச் சொன்னால் எனக்குக் கை வராது" என்றது வரைமுள்.

தாட்சாயணி தூரிகையை எடுத்தார். சோப்பு நுரையும் கையுமாக நின்ற ஆய்வக உதவியாளர் இருதயராஜைப் பார்த்து, கிண்ணத்தை நான்காவது தடவையாகக் கழுவும்படி சொன்னார். இருபது வருடமாகக் கிண்ணம் கழுவுகிற மனிதர் அவர். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"மேடம், மூணு தடவையும் எத்தனை டிகிரியில படி வந்துச்சுன்னு பார்த்தீங்களா?"

தாட்சாயணி காகிதச் சுருளைப் பிரித்தார். முப்பத்தொன்று. முப்பத்தொன்று. முப்பத்தொன்று.

"அழுக்குக்கு டிகிரி பார்க்கத் தெரியுமா மேடம்?"

தூரிகை படலத்துக்கு ஒரு விரற்கடைத் தூரத்தில் நின்றது. பிறகு மேசைக்குத் திரும்பியது.

தாட்சாயணி நாற்பதுக்கு ஏற்றினார்; கோடு நேரானது. முப்பத்தொன்றுக்கு இறக்கினார், படிகள் வந்தன. இருபத்தைந்துக்கு இறக்கினார், மறுபடி நேர்கோடு. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, குறிப்பேட்டில் அழுக்கு என்று எழுதியிருந்த ஒரு பக்கத்தை முழுக்க அடித்தார். இருதயராஜ் நுரைக் கையைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு முப்பத்தொன்றுக்கே திரும்பிய சூடு அன்று மாலை வரை நகரவில்லை. பொட்டாசியத்துக்குக் கொண்டாட்டம். போவதும் வருவதுமாக இருந்த அது, நடுவில் ஒருமுறை கேட்டது:

"அக்கா, நிஜமாகவே உங்களிடம் புரதம் இல்லையா? பிறகு எனக்குக் கதவு திறப்பது யார்?"

படலம் சொன்னது:

"குளிரில் நாங்கள் எல்லாரும் விறைத்து நிற்போம். சூட்டில் எல்லாரும் ஓடிக்கொண்டிருப்போம். இடைவெளி விழுந்தால் உடனே ஒருவர் வந்து அடைத்துவிடுவார். முப்பத்தொன்றில் மட்டும் பாதிப் பேர் நிற்கலாம் என்கிறார்கள், பாதிப் பேர் ஓடலாம் என்கிறார்கள். அந்த வாக்குவாதத்தின் நடுவில்தான், தம்பி, நீ போய் வந்துகொண்டிருக்கிறாய்."