ஏழு கண்ணாடிகளும் ஒரு புள்ளியும்

மலைமேல் வைக்கப்போகும் தொலைநோக்கி ஒன்றை அடிவாரத்துக் கூடத்தில் கோத்துக்கொண்டிருந்தார்கள். அதன் கண்ணாடி ஒரே துண்டு அல்ல. அறுகோண வடிவில் ஏழு கண்ணாடிகள். நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு. ஏழும் சேர்ந்து ஒரே கண்ணாடிபோல் நின்றால்தான் நட்சத்திரம் ஒரே புள்ளியாகத் தெரியும்.

அதற்காக, இரண்டு கண்ணாடிகள் சந்திக்கும் விளிம்புகளில் எல்லாம் உணரிகளைப் பொருத்தியிருந்தார்கள். பக்கத்துக் கண்ணாடி மேலேறி நிற்கிறதா, கீழிறங்கி நிற்கிறதா என்று உணரி சொல்லிவிடும். ஒரு தலைமுடியை ஆயிரம் கூறாகக் கிழித்தால் ஒரு கூறு என்ன பருமனோ, அந்த அளவு பிசகையும் விடாது.

உணரிகளுக்குப் பொறுப்பு செபஸ்தியான். தராசுத் தொழிற்சாலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, கண்ணாடி வித்தை கற்க வில்வநாயகியிடம் வந்து சேர்ந்தவர். குரு சீடரைவிட இளையவர். சீடர் குருவை ‘மேடம்’ என்பார். குரு சீடரை ‘சார்’ என்பார்.

மறுநாள் காலை லாரி மலையேறுகிறது. கூடத்தின் மறுகோடியில் நட்சத்திரத்துக்குப் பதிலாக ஒரு சிறு விளக்கு எரிந்தது. மாலைக்குள் அதன் பிம்பம் ஒரே புள்ளியாக வராவிட்டால், லாரியில் வேறொரு குழுவின் கருவி ஏறிவிடும். இவர்களுக்கு அடுத்த வாய்ப்பு மழைக்காலம் முடிந்த பிறகுதான். செபஸ்தியானோ போர்வையும் கம்பளிக் குல்லாவும் வாங்கி, மூட்டை கட்டி, கூடத்து மூலையிலேயே வைத்திருந்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவர் கண்ணாடிகளைச் சாய்க்கும் திருகிகளைத் திருகித் திருகி, எல்லா உணரிகளையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். உணரிகளின் எண்களைக் காட்டும் திரை முழுக்கப் பூஜ்ஜியம். விளக்கின் பிம்பம் மட்டும் பஞ்சுபோல் விரிந்து கிடந்தது. மறுபடி சரிபார்த்தார். மறுபடியும் பூஜ்ஜியம், மறுபடியும் பஞ்சு. விளக்கைத் திட்டினார். அதை மாற்றியும் பார்த்தார்.

கடைசியில் குருவிடம் போனார். “மேடம், பக்கத்துக்குப் பக்கம் எதுவும் பிசகலை. அப்புறம் எது பொய் சொல்லுது? உணரியா, விளக்கா?”

“முதல்ல எல்லாரும் முற்றத்துக்கு வாங்க. ஒரு குரூப் போட்டோ எடுத்துடலாம்” என்றார் வில்வநாயகி.

புள்ளியே வரவில்லை, இதில் போட்டோ ஒரு கேடா என்று முணுமுணுத்துக்கொண்டே செபஸ்தியான் போனார். ஆனால் வரிசை என்று வந்துவிட்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் நிறுத்தி, ஒவ்வொருவரின் செருப்பு முனையும் பக்கத்தில் நிற்பவரின் செருப்பு முனைக்கு நேராக இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார். மின்வேலை பார்க்கும் டெய்சி ராணி தன் சுண்டுவிரலையும் அளந்துவிடச் சொன்னாள்.

பிறகு அவரும் நடுவில் போய் நின்றுகொண்டார். “இம்மி பிசகில்லை மேடம். எடுங்க.”

வில்வநாயகி மாடிப்படியில் ஏறி நின்று எடுத்தார். இறங்கி வந்து காட்டினார். டெய்சி ராணி எட்டிப் பார்த்துவிட்டு, “வாழைப்பழம்” என்றாள். வரிசை அப்படித்தான் வளைந்திருந்தது. இரண்டு ஓரத்தில் நின்றவர்களும் ஒரு முழம் முன்னால் வந்திருந்தார்கள்.

“ஒவ்வொரு காலாப் பார்த்தேனே” என்றார் செபஸ்தியான்.

“ஆமா. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“யார் தள்ளி நின்னது?”

“யாருமே இல்லை சார். ஆளுக்குக் கண்ணுக்குத் தெரியாத பிசகு, ஓரத்துக்குப் போறதுக்குள்ள கூடிக்கூடி முழமாயிடுச்சு.”

குரு மறுபடி படியேறினார். அங்கிருந்தே கையசைத்து, ஓரத்தில் நின்றவர்களை அதிகமாகவும் அடுத்தடுத்து நின்றவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகவும் பின்னால் போகச் சொன்னார். செபஸ்தியான் குனிந்து பார்த்தார். அவர் நின்ற இடத்திலிருந்து, ஒவ்வொரு செருப்பும் அடுத்த செருப்புக்கு நூலளவு பிசகியதுபோல் தெரிந்தது. சொல்ல வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டார்.

இரண்டாவது படத்தில் வரிசை இழுத்துக் கட்டிய கயிறுபோல் இருந்தது. அதை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

மூட்டையைப் பிரித்தார். போர்வையை எடுத்து, எண்கள் தெரியும் திரைமேல் போட்டு மூடினார். விளக்கின் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, சுற்றியிருந்த ஆறு கண்ணாடிகளையும் ஒன்றுபோல் துளித்துளியாகச் சாய்த்தார். பஞ்சு சுருங்கியது. மிளகானது, கடுகானது, புள்ளியானது. டெய்சி ராணி ஓடிப்போய் எல்லாரையும் கூட்டிவந்தாள்.

செபஸ்தியான் போர்வையை எடுத்தார். திரையில் ஒரு பூஜ்ஜியம்கூட இல்லை. பழக்கதோஷத்தில் வலது கை திருகியை நோக்கிப் போனது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

“மேடம், புள்ளி வந்துடுச்சு. ஆனா இந்த எண்களை என்ன செய்யறது?”

வில்வநாயகி புள்ளியைப் பார்த்தார். எண்களைப் பார்த்தார்.

“போர்வையை மடிச்சு வைங்க, மேலே குளிரும்” என்றார். “இன்னைக்கு இதுதான் பூஜ்ஜியம் சார். மலைக்குப் போனதும் நட்சத்திரத்தைக் கேட்டுட்டு மறுபடி வெச்சுக்கலாம்.”