கரைக் கண்ணு

ஒரு ஊர்ல ஒரு படகுக்காரர் இருந்தாராம். பேரு சிங்காரு. கடலோரத்துல வீடு. பொண்டாட்டி செத்துப் போயிட்டா. ரெண்டு பொண்ணுங்க. மூத்தவ காத்தாயி, இளையவ பவளம். ஆக, வீட்டுல எத்தனை பேரு?

"மூணு, தாத்தா."

ம். சரியா எண்ணிட்ட.

அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. புதுப் படகு கட்டினா சும்மா கடல்ல எறக்க மாட்டாங்க. அதுக்குக் கண்ணு வைக்கணும். படகோட மூக்குல, ரெண்டு பக்கமும். சுண்ணாம்புல வெள்ளை, வெளக்குக் கரியில கறுப்பு. வலது பக்கம் கடல் கண்ணு, அது மீனைப் பாக்கும். இடது பக்கம் கரைக் கண்ணு, அது வீட்டைப் பாக்கும். படகுக்காரர் வீட்டு ஆளுதான் வைக்கணும். பொழுது சாயறதுக்குள்ள ரெண்டையும் வச்சுடணும். வச்சுக் கைய எடுத்துட்டா திருப்பித் தொடக் கூடாது. கோணலோ நேரோ, வச்சது வச்சதுதான்.

"ஏன் தொடக் கூடாது?"

தெறந்த கண்ணுல கைய வச்சா வலிக்கும்ல? அதான்.

அப்போ, இந்தப் பவளம் இருக்காளே, அவளுக்குக் கையிலயே படம் இருந்துச்சு. யாரும் சொல்லித் தரல. கரிக்கட்டைய எடுப்பா, சர்ர்ர்னு ஒரு இழுப்பு, மீனு. இன்னொரு இழுப்பு, வாலு. அந்த மீனைப் பாத்துட்டுப் பூனை வந்து செவுத்தை நக்குமாம். சிரிக்காத. நக்குச்சு.

காத்தாயிக்குக் கை வராது. ஆசை மட்டும் இருந்துச்சு. கொஞ்ச ஆசையா? அடுப்புல சோறு பொங்கி வழியும், இவ வெரல் பாட்டுக்குத் தரையில கண்ணு போட்டுக்கிட்டு இருக்கும். மொதல்ல போட்டா, நண்டு வளை மாதிரி இருந்துச்சு. அப்புறம் போட்டா, நசுங்கின முட்டை மாதிரி இருந்துச்சு. மூணாவதா ஒன்னு போட்டா. பவளம் எட்டிப் பாத்து, "அக்கா, இது கண்ணா, கண்ணுல வந்த கட்டியா?"ன்னு கேட்டா. ஊரே சிரிச்சுச்சு. நண்டுக்கண்ணுன்னே அவளுக்குப் பேரு வச்சுட்டாங்க.

காத்தாயி அழுதா. அழுது முடிச்சுட்டு, ஒரு முழக் குச்சிய எடுத்துக்கிட்டுக் கடலோரம் போனா. காஞ்ச மணல்ல கோடு நிக்காது, சரிஞ்சுடும். ஈர மணல்லதான் நிக்கும். ஆனா ஈர மணல்னா அலை வருமே! ஒரு பெரிய வட்டம், உள்ள ஒரு சின்ன வட்டம், மேல அஞ்சு இமை. கடைசி இமைய இழுத்துட்டு நிமிர்றதுக்குள்ள, சளக்! தொடைச்சுட்டுப் போயிடுச்சு. மறுபடியும் போட்டா. சளக்! மறுபடியும் போட்டா. சளக்!

"அவளுக்குக் கோவம் வரலையா?"

வந்துச்சே. "ஏ கடலே, உனக்கு வேற வேலை இல்லையா?"ன்னு கத்தினா. கடல் பதில் சொல்லல. அப்போ சொல்லல.

அப்புறம் மழை போச்சு, பனி போச்சு, வெயில் போச்சு, திரும்பவும் மழை வந்துச்சு. மீனு உலர்த்திட்டுப் போவா, தண்ணி எடுத்து வச்சுட்டுப் போவா. போகாத நாள் இல்ல. காத்தாயி வளந்துட்டா. இப்போ அவ போட்டா கண்ணுன்னு தெரிஞ்சுது. ஆனா அந்த அஞ்சாவது இமை மட்டும் கொஞ்சம் நீண்டு, கீழ வளைஞ்சு போவும். எத்தனை போட்டும் அது நிமிரவே இல்ல.

தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்புறம் சிங்காரு புதுப் படகு கட்டினாரு. பவளத்தைக் கூப்பிட்டாரு. அவ வந்தா, சர்ர்ர்னு கடல் கண்ணை வச்சா. அடேயப்பா! அந்தக் கண்ணு நம்மளைத் திரும்பிப் பாக்குற மாதிரி இருந்துச்சாம். ஊர் சனம் வாயப் பொளந்துச்சு. "ஏ பவளம், எங்க வீட்டுச் செவுத்துல ஒரு மயிலு போட்டுத் தாடி"ன்னு ஒருத்தி கூப்பிட்டா. "இன்னொரு கண்ணுதானே, ஒரு நொடி வேலை, வந்து வைக்கிறேம்பா"ன்னு சொல்லிட்டு ஓடிட்டா. ஒரு மயிலோட நின்னுச்சா? அந்த வீடு, இந்த வீடுன்னு போயிக்கிட்டே இருந்தா.

இங்க பொழுது எறங்குது. சிங்காரு பவளம், பவளம்னு கூவுறாரு. ஆளைக் காணோம். அப்போ காத்தாயி மெதுவா வந்து, "அப்பா, நான் வைக்கட்டா?"ன்னா.

"நீயா?"

"ம்."

சிங்காரு சூரியனைப் பாத்தாரு. பாதி முழுகிடுச்சு. கடல்ல எறங்காத புதுப் படகு ஒத்தைக் கண்ணோட ராத்திரி நிக்கக் கூடாது. "வையி"ன்னாரு.

காத்தாயி வச்சா. பெரிய வட்டம். சின்ன வட்டம். ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு இமை. அஞ்சாவது, வளைஞ்சு கீழ போயிடுச்சு. கைய எடுத்தா. சூரியன் முழுகிடுச்சு.

பவளம் மூச்சு வாங்க ஓடி வந்தா. "ஐயோ, என்னக்கா இது! என் கண்ணு பக்கத்துல இப்படி ஒரு கண்ணா!"ன்னா. வச்சது வச்சதுதானே. அந்தக் கண்ணோடதான் சிங்காரு மறுநாள் கடலுக்குப் போனாரு.

அன்னைக்கு எட்டுப் படகு போச்சு. உச்சி வெயில்ல திடீர்னு வானம் கறுத்துப் போச்சு. ஹோன்னு காத்து. படபடன்னு மழை. ஏழு படகு திரும்பிடுச்சு. எட்டாவதைக் காணோம்.

"சிங்காரு படகா?"

ம். பக்கத்து வீட்டு அஞ்சலை மாரடிச்சுக்கிட்டு வந்தா. "கரைக் கண்ணைக் கோணலா வச்சுட்டியேடி! அது எங்கேருந்து கரையைப் பாக்கும்? அப்பனைத் தொலைச்சுட்டியேடி!"ன்னா. பவளம் அழுதா. காத்தாயி அழல. அவளுக்குத் தெரிஞ்சது ஒன்னே ஒன்னுதான். குச்சிய எடுத்துக்கிட்டு, கொட்டுற மழையில ஈர மணலுக்குப் போனா. கண்ணு போட்டா. சளக்! திரும்பப் போட்டா. சளக்!

அப்போ நடுக்கடல்ல மொத அலை வந்துச்சு. தடால்! துடுப்பைப் புடுங்கிட்டுப் போயிடுச்சு. ரெண்டாவது அலை வந்துச்சு, வலது பக்கமா. தடால்! கடல் கண்ணுல இருந்த வெள்ளை போச்சு, கறுப்பு போச்சு, வெறும் பலகை. பவளம் வச்ச கண்ணுல ஒரு குத்தமும் இல்ல, தங்கம். கடலு அதுக்கு முன்ன அதைப் பாத்ததில்ல, அவ்வளவுதான்.

மூணாவது அலை இடது பக்கமா வந்துச்சு. பனைமரம் உசரம். தூக்கின கைய அப்படியே நிறுத்துச்சாம்.

"இந்தக் கண்ணை எனக்குத் தெரியுமே. கடைசி இமை கீழ வளையும். அழிச்சேன், வந்துச்சு. அழிச்சேன், வந்துச்சு. இதோ, இந்த நிமிசம்கூடக் கரையில அழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், வந்துக்கிட்டுத்தான் இருக்கு. இதை அழிச்சு மாளாது"ன்னு சொல்லிச்சாம்.

"தாத்தா, கடல் பேசினது யாருக்குக் கேட்டுச்சு?"

படகுல இருந்தவருக்கு. எனக்கு இல்ல.

அப்புறம் அந்த அலை படகை அடிக்கல. அடியில கையக் குடுத்துத் தூக்கிக்கிட்டு வந்துச்சு. நேரா கரைக்கு. ஊர்த் துறைக்கு இல்ல. மணல்ல அந்தக் கண்ணு இருந்துச்சே, அங்க. சர்ர்ர்... தொப்! காத்தாயி காலுக்கு முன்னால வச்சுட்டுப் போயிடுச்சு.

சிங்காரு எறங்கினாரு. கரைக் கண்ணைத் தொடல, தொடக் கூடாதே. அதுக்கு எதிர்ல மணல்ல உக்காந்து ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு.

மறுநாள், "கடல் கண்ணு அழிஞ்சு போச்சு, திரும்ப வையி தாயி"ன்னு பவளத்துக்கிட்ட சுண்ணாம்பைக் குடுத்தாரு. பவளம் வெறும் பலகையைப் பாத்தா. மொத மொறையா அவ கை ஓடல. கிண்ணத்தைக் கீழ வச்சுட்டு ஈர மணலுக்குப் போனா. வெரலால ஒரு கண்ணு போட்டா. எவ்வளவு அழகு! சளக்! இல்லாமப் போச்சு.

"அக்கா..."ன்னா.

காத்தாயி தன் குச்சிய நீட்டினா. முழ நீளம் இருந்த குச்சி தேஞ்சு தேஞ்சு வெரல் நீளம்தான் இருந்துச்சு. பவளம் அதை உள்ளங்கையில வச்சுப் பாத்தா.

"எத்தனை தடவைக்கா போட்ட?"

"எண்ணலடி. இன்னொன்னு போடு."

அந்தப் படகு ஒத்தைக் கண்ணோட கரையில காத்திருந்துச்சாம், பவளம் வர்ற வரைக்கும்.

படகு கரையேறிடுச்சு, கதையும் கரையேறிடுச்சு. படகுதான் கண்ணை மூடக் கூடாது. நீ மூடு.

"..."

ம்.