கண்ணாடியில் ஒட்டிய முகம்

ஆம்புலன்ஸின் பின்கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாதபடி ரேடியோ ஆண்டெனா வைத்திருந்தார்கள். அதன்மேல் முதலாளி தணிகாசலம் தன் முகத்தை வெள்ளித்தகட்டில் பெரிதாக ஒட்டச் சொன்னார்.

"தகடு மறைச்சா ரேடியோ எடுக்காதுங்க" என்றான் டிரைவர் சவரிமுத்து.

"என் மூஞ்சியைவிட ரேடியோ பெரிசாடா?"

அந்த வாரமே, வழியில் ரேடியோவில் உதவி கேட்டது யாருக்கும் எட்டாமல், ஒரு கர்ப்பிணி வண்டியிலேயே செத்துப்போனாள்.

"இவன் கூப்பிடவே இல்லை, பிடிச்சு உள்ளே போடுங்க" என்றார் முதலாளி, விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரிடம்.

சவரிமுத்து இன்ஸ்பெக்டரைக் கும்பிட்டான். "முதலாளியே வண்டி ரேடியோவில் என் குற்றத்தைச் சொல்லட்டும் ஐயா. நீங்க ஆம்புலன்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து கேளுங்க."

தணிகாசலம் வண்டிக்குள் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினார். ஆபீஸில் இருந்த இன்ஸ்பெக்டருக்கு வெறும் இரைச்சல்தான் வந்தது.

திரும்பி வந்து வண்டிக் கதவைத் திறந்த இன்ஸ்பெக்டரிடம், "எல்லாம் எழுதிக்கிட்டீங்களா?" என்றார்.

சவரிமுத்துதான் பதில் சொன்னான். "அன்னைக்கு நானும் இப்படித்தான் கத்தினேன் முதலாளி. உங்க மூஞ்சியைத் தாண்டி வெளியே போகலை."